சிப்பிச் சூளையும் கச்சான் வெக்கையும்

எங்கள் வாப்பா வாவிச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு விற்றவர். கல்முனைக் கடற்கரையில் எங்கள் சூளை இருந்தது. ஐம்பதுகளில் ஒரு வருடம் ஊரைப் போட்டு வாட்டிய வெக்கைக்கு அந்தச் சூளையின் புகைதான் காரணம் என்று ஊர் முடிவெடுத்தது. முடிவெடுத்தவர்கள் எல்லோரும் மௌத்தாகிவிட்டார்கள். அவர்களுக்காகத் துஆச் செய்வதில் நான் குறை வைக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது மடத்தனம். அதைச் சொல்லாமல் நானும் போய்ச் சேர விரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு முடியாவிட்டால் கலியாணமும் இல்லை. நான் மூத்தவள். எனக்கென்று உம்மாவின் வளவில் வாப்பா ஒரு கல்வீடு எழுப்பினார். அந்த வருடம் செங்கல் சுவர் ஏறி, கூரைக்கு ஓடும் போட்டாயிற்று. சுவர் பூசுவது மட்டும் பாக்கி. அதற்கென்று வளவின் மூலையில் ஒரு குழி வெட்டி, நீற்றிய சுண்ணாம்பை அதில் ஊறப் போட்டு, மேலே கிடுகு போட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் குழி பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் சில சூளை எரிந்தால் நிறைந்துவிடும்.

மாப்பிள்ளை அக்கரைப்பற்றில் கடை வைத்திருந்தவர். வீடு பார்க்க அவருடைய மாமாவோடு ஒருமுறை வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் வளவு வாசல் கடப்படியில் நின்றே உம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வேலி இடுக்கால் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சூளையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது.

சூளை கச்சானில்தான் எரியும். கச்சான் என்பது நடு வருடத்தில் மேற்கிலிருந்து வருகிற வறட்டுக் காற்று. காட்டையும் வட்டை என்கிற வயல்வெளியையும் தடவி வருவதால் அது அடுப்புக்கு முன்னால் நிற்பது போல இருக்கும். கச்சான் வீசினால் வாவி வற்றும். வாவி வற்றினால் கரையில் சேற்றுத் திடல் தெரியும். அந்தச் சேற்றை வாரினால்தான் சிப்பி வரும். மாரி காலத்தில் சிப்பி ஆள் உயரத் தண்ணீருக்குக் கீழே கிடக்கும், யாரும் எடுக்க முடியாது. விறகும் பொச்சு என்கிற தேங்காய் மட்டையும் ஈரமாக இருக்கும், மூட்டவும் முடியாது. ஆகவே வெக்கை வந்தால்தான் எங்களுக்கு வேலை. வெக்கை கூடின வருடம் வாவி அதிகம் வற்றும். அதிகம் வற்றினால் அதிகம் சிப்பி. அதிகம் சிப்பி என்றால் அதிகம் சூளை, அதிகம் புகை.

இவ்வளவுதான் விசயம். ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் ஊருக்கு விளங்கவில்லை.

நான் பெரிய பிள்ளையாகுமுன் சூளையடிக்குப் போயிருக்கிறேன். ஒரு படை பொச்சும் விறகும், அதற்குமேல் ஒரு படை சிப்பி, மறுபடி விறகு என்று அடுக்கி, அடியில் நெருப்பு வைப்பார்கள். முதலில் கறுப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் புகை வரும். கச்சான் அதைப் பிடித்து நேரே கடலுக்குத் தள்ளிவிடும். ஊர்ப் பக்கம் ஒரு துளி வராது. குமரானபிறகு நான் வீட்டோடு. உம்மாவும் நானும் வளவில் சிப்பி கழுவினோம். கழுவுகிற கைக்கு எந்த வருடம் எத்தனை சூளைக்குச் சிப்பி வந்தது என்று மறக்காது.

நான் சொல்கிற வருடம் மழை குறைந்து, கச்சானும் வழக்கத்தை விட முந்தி வந்துவிட்டது. கிணறுகளில் அடி தெரிந்தது. வட்டையில் பயிர் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகிவிட்டது. வாவி பல் போன வாய் மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. சிப்பிக்கு மட்டும் குறைவில்லை. வாப்பாவின் ஆட்கள் அள்ளி முடியாமல் அள்ளினார்கள். சூளை ஓயாமல் எரிந்தது.

முதலில் கதையைத் தொடங்கியவர் பக்கத்து வளவு மாமி. நாங்கள் சிப்பி கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன புள்ள, வாப்பா இண்டைக்கும் மூட்டிட்டாரு போல. என்ட கத்தரிக் கண்டெல்லாம் கருகிப் போச்சு."

"தண்ணி ஊத்தினீங்களா மாமி?"

"கிணத்தில தண்ணி கிடந்தாத்தானே ஊத்துற."

"அப்ப கிணறுதானே காரணம். சூளை என்ன செஞ்ச?"

"கிணறு ஏன் வத்திச்சு? மழை இல்லாமத்தானே. மழை ஏன் இல்ல? உங்கட புகை கடலுக்குப் போய் மேகத்தக் கலைக்குது. கண்ணால பார்க்கிறம்தானே, அந்தப் பக்கமாத்தானே போகுது."

"மேகம் கச்சானிலயா மாமி வாற? அது வாடைக்கு வாற."

"வாறத்துக்குள்ளதான் உங்கட வாப்பா விரட்டிட்டாரே."

உம்மா என் தொடையில் கிள்ளினார். வாயை மூடினேன். மாமி தலையை இழுத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கதை வேலியோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கிணற்றடியிலும் ஏறி இறங்கியது.

அந்த வருடம் மேற்கே பெரிய குளம் கட்டுவதற்கும் குடியேற்றத்துக்கும் என்று காட்டை இயந்திரம் வைத்துச் சாய்த்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை வானத்தின் அடியில் ஒரு மலை மாதிரி நின்றது. கச்சான் அதை நேரே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமானது. ஊருக்குள்ளேயே நெல் மில் இருந்தது. அதன் புகைபோக்கி பள்ளிவாசல் மினாராவுக்குப் போட்டியாக நின்று காலையிலும் பின்னேரத்திலும் உமிப் புகையைக் கக்கியது. அதைப் பற்றியும் ஒருவரும் கதைக்கவில்லை. ஊர் கண்ணுக்குப் பட்டது கடற்கரையில் கிடந்த எங்கள் சூளை ஒன்றுதான்.

வெறும் கிணற்றடிக் கதையாக இருந்தால் அது மழையோடு கரைந்திருக்கும். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வாத்தியார்.

அவர் தமிழர், கிறிஸ்தவ வேதக்காரர். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். நல்ல மனிதர். இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, எங்கள் ஊருக்கு மாறி வந்த நாளிலிருந்து வெக்கையைப் பார்த்துக் குறித்து வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கு அதில் ஒரு விருப்பம். ஊர்க் கதை காதில் விழுந்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் பின்னேரம் எங்கள் வளவுக்கு வந்தார்.

"காக்கா, ஒவ்வொரு வருசமும் எத்தினை சூளை போட்டீங்க எண்டு சொல்ல ஏலுமா?" என்று வாப்பாவைக் கேட்டார்.

வாப்பாவுக்குப் பெருமை. படித்த மனிதர் தன் சூளையைப் பற்றிக் கேட்கிறாரே. "எனக்கு நினப்பு இல்ல சேர். மகளுக்குத் தெரியும்" என்று உள்ளே திரும்பிக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று உம்மாவுக்குச் சொன்னேன். உம்மா வாப்பாவுக்குச் சொன்னார். வாப்பா வாத்தியாருக்குச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை வாப்பா, வாத்தியார் கீறிக் கொடுத்த ஒரு தாளோடு வந்தார். சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள். அதில் இரண்டு கோடுகள். சிவப்பு கச்சான் மாதங்களின் வெக்கை. நீலம் எங்கள் சூளை. சிவப்பு ஏறின இடத்தில் நீலமும் ஏறியிருந்தது. சிவப்பு இறங்கின இடத்தில் நீலமும் இறங்கியிருந்தது. ஒரு கயிற்றில் கட்டின இரண்டு மாடு மாதிரி.

வாப்பா அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் அவருக்குத் தெரியும். ஆனால் கோடு எல்லோருக்கும் விளங்குகிறது. அதுதான் கோட்டின் ஆபத்து.

"ரெண்டும் ஒண்டாப் போகுது மகள்."

"போகத்தானே செய்யும் வாப்பா. வெக்கை வந்தா வாவி வத்தும். வாவி வத்தினா நீங்க சிப்பி அள்ளுவீங்க. சூளையாலயா வாவி வத்துற?"

"அது சரி. ஆனா ஒண்டாப் போகுதே."

"என்ட நிழலும் நானும் ஒண்டாத்தான் போறம். நிழலா என்னக் கூட்டிக்கிட்டுப் போகுது?"

வாப்பா சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளின் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் அதன் சார்பில் ஒரு மரைக்கார் இருப்பார். குடி என்பது தாய் வழி. உம்மாவின் குடிதான் என் குடி. உம்மாவின் நானா, என் மாமா, எங்கள் குடியின் மரைக்கார். அதனால் அவரும் கூட்டத்தில் இருந்தார். முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி முகத்துக்கு வீசிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாரி பெய்யிற வரைக்கும் சூளை மூட்டப்படாதாம்" என்றார்.

உம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "ஆரு சொன்ன?"

"எல்லாரும்தான். வாத்தியார்ட கடதாசியக் கை மாத்திக் கை மாத்திப் பார்த்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாத வயல்காரப் போடியாரும் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு, 'ஓம், சரிதான், தெளிவா இரிக்கி' எண்டாரு."

"நீங்க ஒண்டும் கதைக்கல்லியா நானா?"

"கதைச்சேன். அப்ப மில்லுப் புகை என்ன பன்னீரா எண்டு கேட்டேன். மில்லு ஊருக்குச் சோறு போடுதாம். சுண்ணாம்பு என்னத்துக்கு, வெத்திலைக்குத்தானே எண்டாங்க."

நான் கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னேன். "அப்ப அவங்கட வீட்டுச் சுவரெல்லாம் வெத்திலையாலயா மாமா கட்டின?"

மாமா சிரித்தார். "இத நீ அங்க வந்து கேட்டிருக்கணும் புள்ள."

"வர விடுவீங்களா?"

மாமா தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். மில் முதலாளி பள்ளிக்குக் கிணறு கட்டிக் கொடுத்தவர். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். யாருடைய புகை மேகத்தைக் கலைக்கும், யாருடைய புகை கலைக்காது என்று அதைப் பார்த்தே அறிந்துகொண்டார்கள் போலும். இவ்வளவு நடந்தும் வாப்பா அந்தக் கூட்டத்தில் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். "ஊருக்கு நல்லது எண்டா நிப்பாட்டுறன்" என்று மட்டும் சொன்னாராம்.

அடுக்கி முடித்து, மூட்ட இருந்த ஒரு சூளை அப்படியே நின்றது. என் குழியும் பாதியில் நின்றது.

பிறகு மழைத் தொழுகை வைத்தார்கள். ஆண்கள் எல்லோரும் வெடித்துக் கிடந்த வட்டைக்குப் போனார்கள். வாப்பாவும் போனார். கடைசி வரிசையில் நின்று, இமாம் அந்தத் தொழுகையின் வழக்கப்படி மேலாடையைத் திருப்பிப் போட்டபோது தன் சால்வையையும் திருப்பிப் போட்டு, தேம்பித் தேம்பி அழுதார் என்று மாமா சொன்னார். தொழுகையைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்ல மாட்டேன். கேட்பது அடியானின் வேலை. கொடுப்பது அவன் நாட்டம்.

தொழுத கையோடு மழை வரவில்லை. கச்சான் அதன் பாட்டுக்கு வீசியது. சூளை அணைந்திருந்தது, வெக்கை அணையவில்லை. இதை ஒருவரும் தாளில் கீறிப் பார்க்கவில்லை. பிறகு காற்று மாறியது. எப்போதும் மாறுகிற மாதத்தில் வாடை வந்தது. எப்போதும் வருகிற பக்கத்தில் மேகம் வந்தது. எப்போதும் போல மாரி பிடித்துக்கொண்டது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? சூளையை நிறுத்தினோம், மழை வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் அடக்க முடியவில்லை. அல்லாஹ்விடம் கேட்டார்கள். அவன் கொடுத்தான். சரி, அப்படியாவது சொல்லியிருக்கலாம். அல்லது மாரிக்கு மழை பெய்வது வழக்கம்தானே என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, அணைந்த சூளைக்கு நன்றி சொன்னார்கள். மாமியும் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். முக்காடு நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"பார்த்தயா புள்ள. நான் அப்பவே சென்னேன்."

ஊரைக் கூட என்னால் பொறுக்க முடிந்தது. வாப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் மழை விழுந்தபோது அவர் வளவின் நடுவில் போய் நின்றார். சாரன் காலோடு ஒட்டிக்கொள்ள, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். உம்மா கூப்பிட்டும் வரவில்லை. நான் குடையோடு போனேன்.

"நான்தான் மகள் ஊரக் காய வெச்சிரிக்கேன்" என்றார்.

"வாப்பா, ஒவ்வொரு வருஷமும் சூளை எரிச்சீங்க. ஒவ்வொரு வருஷமும் மாரிக்கு மழை வரல்லியா?"

"வந்திச்சு. இந்த அளவு வந்திச்சா?"

இந்த அளவு என்றால் எந்த அளவு? யார் அளந்தது? கேட்டால் கையை விரித்துக் காட்டினார். தண்ணீர் அவர் விரல்களுக்கு இடையால் ஒழுகியது. படித்தவர் கோடு கீறினார், ஊர் ஒப்புக்கொண்டது, வானம் கையெழுத்துப் போட்டது. இனி மகள் சொல் எங்கே ஏறும்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கடப்படியில் மாட்டு வண்டில் வந்து நின்றது. ஆட்கள் குழியைத் திறந்து சுண்ணாம்பை அள்ளத் தொடங்கினார்கள். வெண்ணெய் மாதிரி ஊறின சுண்ணாம்பு. ஒவ்வொரு சிப்பியும் நானும் உம்மாவும் கழுவினது.

"எங்க கொண்டு போறீங்க?" என்று நான் வெளியே வந்தே கேட்டேன். அந்நிய ஆண்கள் நின்றார்கள். அதைப் பார்க்கவில்லை.

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பள்ளிக்கு வெள்ளையடிக்க. நேர்ந்துட்டேன்."

"என்ட வீடு?"

"அடுத்த கச்சானுக்குப் பார்ப்பம்."

"அடுத்த கச்சானுக்குச் சூளை மூட்டுவீங்களா?"

அவர் வண்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். உம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பள்ளி அந்த நோன்புக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. எல்லோரும் புகழ்ந்தார்கள். வெற்றிலைக்கு மட்டும் உதவுகிற சுண்ணாம்பு.

வாத்தியார் எங்கள் வேலியோரமாகத்தான் பள்ளிக்கூடம் போவார். ஒருநாள் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். ஒரு குமர் அப்படிச் செய்வது சின்ன விசயம் இல்லை. பார்த்திருந்தால் ஊர் அதற்கும் ஒரு கோடு கீறியிருக்கும்.

"சேர், ஒரு கதை கேக்கணும்."

அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "ஓம் தங்கச்சி, சொல்லுங்க."

வாவி வற்றுவதையும், வற்றினால்தான் சிப்பி வருவதையும், சிப்பி வந்தால்தான் சூளை என்பதையும் சொன்னேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்றதும் சரியா இருக்கலாம் தங்கச்சி. வெக்கை முந்தி, சூளை பிந்தி. ரெண்டு கோடும் ஒண்டாப் போகுது எண்டுதான் நான் சொன்னனான். புகையாலதான் வெக்கை எண்டு நான் ஒரு இடமும் சொல்லல்ல."

"அப்ப அதப் பள்ளியில வந்து செல்லுங்களன் சேர்."

"அது உங்கட ஆக்கள்ட விசயம். நான் எப்பிடித் தலையிடுற?"

"கடதாசி குடுத்தது தலையிட்டது இல்லியா?"

அவர் முகம் சிவந்தது. "பார்ப்பம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கோடு கீறுவது மட்டும் தன் வேலை என்று நினைத்தார். அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு ஊர் எங்கே போகிறது என்று பார்ப்பது யாருடைய வேலையோ. அடுத்த வருடம் அவரை மாற்றிவிட்டார்கள். வெப்பமானியையும் கழற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கச்சான் வந்தது. சூளை மூட்டவில்லை. வாப்பா பொச்சை விறகுக்கு விற்று, தேங்காய் வாங்கி விற்று, இல்லாத வியாபாரமெல்லாம் செய்து பார்த்தார். சிப்பி வாவிக் கரையில் அள்ள ஆளில்லாமல் கிடந்தது. வெக்கை? போன வருடத்தைப் போலவேதான். அம்மியைத் தொட்டால் கை சுட்டது. இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே நான் காத்திருந்தேன். முதலில் மாமியைப் பிடித்தேன்.

"மாமி, இந்த முறை ஆரு மூட்டின?"

"எனக்கென்ன தெரியும். ஆரோ ஒளிச்சு மூட்டுறாங்களாக்கும்."

பிறகு வாப்பாவிடம் போனேன். அவர் மர நிழலில் பாய் போட்டு, வெறும் மேலோடு கிடந்தார்.

"வாப்பா, சூளை எரியல்ல. வெக்கை வந்திரிக்கி. இப்பவாவது விளங்குதா?"

அவர் எழும்பி உட்கார்ந்தார். கடல் பக்கம் வானத்தைப் பார்த்தார். நிறைய யோசித்து வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

"இவ்வளவு காலமும் நான் விட்ட புகை இன்னும் மேலதான் நிக்கும் மகள். ஒரு வருஷம் நிப்பாட்டினா அது எங்க போகும்?"

நான் அவருக்கு மறுப்புச் சொல்லாமல் எழும்பி வந்த ஒரே நாள் அதுதான். இப்படிக் கதைக்கிற மனிதரை எதைக் கொண்டு வெல்வது? எரித்தால் எரித்ததால் வெக்கை. எரிக்காவிட்டால் முன்பு எரித்ததால் வெக்கை. மழை வந்தால் நிறுத்தியதால் வந்தது. வராவிட்டால் நிறுத்தியது போதாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. உள்ளே போய், பூசாத சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கச்சானிலும் பொறுத்தார்கள். அடுத்த மாரியில் மாப்பிள்ளையின் மாமாக்காரர் மட்டும் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். விரலில் செங்கல் தூள் ஒட்டியது.

"சுண்ணாம்புக்காரர் வீட்டில சுண்ணாம்பு இல்லியா?" என்று கேட்டார்.

வாப்பா பள்ளிக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். அவர் தலையை ஆட்டி, "நல்ல காரியம்" என்றார். தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். பிறகு அங்கிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு அக்கரைப்பற்றிலேயே கலியாணம் முடிந்தது என்று சந்தைக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார். நல்ல வீடாம். உள்ளும் புறமும் வெள்ளையடித்ததாம்.

பிறகு எனக்குப் பொத்துவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. அவரோடு நன்றாகவே வாழ்ந்தேன். குறை ஒன்றும் இல்லை. அவர் கையில் கொஞ்சம் வசதி வந்தபோது வீட்டைச் சீமெந்தால் பூசினார். முன் அறையை மட்டும் நான் பூச விடவில்லை. ஏன் என்று கேட்டார். கிடக்கட்டும் என்றேன். வாப்பா மௌத்தாகும்வரை அந்த அறையில்தான் வந்து உட்காருவார். அவர் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

போன வருடம் தங்கச்சியின் பேரன் வந்திருந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். அந்த அறையில் இருந்துகொண்டு கணினியைத் திறந்து வைத்திருந்தான். நான் தேநீர் கொண்டுபோனேன். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று சிவப்பு. ஒன்று நீலம். இரண்டும் ஒன்றாக ஏறிக்கொண்டு போயின. தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"இது என்ன?"

"உலகத்தில எரிக்கிற புகையும், உலகத்திட வெக்கையும் மூத்தம்மா. ரெண்டும் ஒண்டா ஏறுது, பாருங்க."

"கச்சானக் கழிச்சாங்களா?"

அவனுக்கு விளங்கவில்லை. நான் உட்கார்ந்து, இங்கே எழுதினதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"நீங்க கேக்கிறதுதான் சரியான கேள்வி" என்றான். "ரெண்டு கோடு ஒண்டாப் போனா மட்டும் போதாது. சூரியன் கூடினதாலயா, எரிமலையாலயா, கடல் தன்ட பாட்டில சூடாகிக் குளிர்றதாலயா எண்டு ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பார்த்தாங்க. எல்லாத்தையும் கழிச்சாலும் வெக்கை மிச்சமா நிக்கிது. மறுகா, எரிச்சா புகையோட வாற கரிக்காத்து வெக்கையப் பிடிச்சு வெக்கும் எண்டு கோடு கீற முந்தியே சோதிச்சுத் தெரியும்."

"அப்ப எங்கட சூளையால?"

"உங்கட ஒரு சூளையால ஊரில ஒரு கச்சான் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மழையும் நிக்கல்ல. அது பொய். உலகம் முழுக்க விட்டதெல்லாம் சேர்ந்துதான் இந்த ஏத்தம்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகாவது ஒருவன் சொன்னானே. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ஒண்டு மூத்தம்மா. இந்த வருஷம் எரிக்கிறதால மட்டும் இல்ல இந்த வெக்கை. அந்தக் காத்து லேசில போகாது. முந்தி விட்டதும் மேலதான் நிக்கிது. இண்டைக்கு எல்லாத்தையும் நிப்பாட்டினாலும் ஏறின வெக்கை உடன இறங்காது."

நான் அவனைப் பார்த்தேன். மர நிழலில் வெறும் மேலோடு எழும்பி உட்கார்ந்த வாப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.

"அப்ப எங்கட சூளைப் புகையும்?"

அவன் யோசித்தான். "கண்டுபிடிக்க ஏலாத அளவு கொஞ்சம். ஆனா அதிலயும் ஒரு பங்கு மேல நிக்கும்."

எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பள்ளியை இடித்துக் கட்டியபோது அந்தச் சுண்ணாம்பெல்லாம் குப்பையோடு போயிற்று. இப்போது அங்கே மாபிள். எனக்கும் கிடைக்கவில்லை, பள்ளிக்கும் நிற்கவில்லை. புகை மட்டும் நிற்கிறதாம். அதையும் வாப்பா முந்தியே சொல்லிவிட்டாராம். அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. பயத்தில் சொன்ன சொல் அது. ஒரு சொல் எங்கோ போய்ச் சரியாக விழுந்ததற்காக, அவர் என் சுண்ணாம்பை வண்டிலில் ஏற்றியதை நான் சரியென்று சொல்ல முடியாது.

பேரன் எழும்பிச் சுவரைத் தடவினான். செங்கல் தூள் அவன் விரலிலும் ஒட்டியது.

"இதப் பூசித் தாறன் மூத்தம்மா. ரெண்டு மூடை சீமெந்து போதும்."

"சீமெந்து எப்பிடிச் செய்யிற?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "சுண்ணாம்புக் கல்லச் சுட்டுத்தான். பெரிய சூளை. புகையும் பெரிசுதான்."

"அத ஆரும் மறிக்கல்லியா?"

"கதைச்சுக்கிட்டு இரிக்காங்க" என்றான். "ஆனா வீடு கட்டாம ஏலுமா எண்டு கேக்காங்க."

மில்லைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"பூச வேணாம்" என்றேன். "கிடக்கட்டும்."